கட்-ஆஃபிலிருந்து பின்னோக்கி: சென்னைத் துறைமுகங்களுக்குக் கன்டெய்னர் அனுப்பத் திட்டமிடும் முறை

ஒரகடத்துத் தொழிற்சாலையில் டிஸ்பாட்ச் பிரிவுக்குப் புதிதாக வந்தவர் முதலில் மேப்பைத் திறந்து ஹார்பருக்கு எவ்வளவு தூரம் என்று பார்ப்பார். 60 கிலோமீட்டரை ஒட்டிக் காட்டும். இரண்டு, இரண்டரை மணி நேரம் என்று எழுதி வைத்துக்கொள்வார். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ட்ரெய்லர் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம். எம்ப்டி யார்டில் (காலிக் கன்டெய்னர் கிடங்கில்) நிற்கும், தொழிற்சாலை வாசலில் நிற்கும், பேப்பர் வரும்வரை நிற்கும், கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கும். இந்த ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மணிக்கணக்கு வைத்து, கப்பலின் கட்-ஆஃப் நேரத்திலிருந்து (அந்தக் கப்பலுக்கான பெட்டிகளை வாங்குவதைத் துறைமுகம் நிறுத்தும் நேரம்) பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வந்தால் காலிப் பெட்டி எடுக்க வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று தெரியும். இந்த வேலையின் சாரம் அதுதான். கீழே உள்ளவை, தொழிற்சாலையிலேயே ஸ்டஃபிங் செய்து (பெட்டிக்குள் சரக்கை அடுக்கி) முழுப் பெட்டியாக அனுப்பும் ஏற்றுமதியை முன்வைத்து எழுதியவை. இறக்குமதிக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எந்தத் துறைமுகம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்

சென்னையைச் சுற்றி மூன்று துறைமுகங்கள் இருக்கின்றன. நகரத்துக்குள்ளேயே, ராயபுரத்தை ஒட்டி இருப்பது சென்னைத் துறைமுகம். அங்கே இரண்டு கன்டெய்னர் டெர்மினல்கள்: பேச்சுவழக்கில் சி.சி.டி.எல்., சி.ஐ.டி.பி.எல். வடக்கே எண்ணூரில் 2001-ல் தொடங்கிய காமராஜர் துறைமுகம். நிலக்கரிக்காகக் கட்டப்பட்ட அங்கே இன்று கார் ஏற்றுமதியும் கன்டெய்னர் டெர்மினலும் உண்டு. அதற்கும் வடக்கே, ஒட்டினாற்போல, காட்டுப்பள்ளி. நிலக்கரி, இரும்புத் தாது போன்ற தூசு பறக்கும் சரக்கைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளுவது உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நின்றது. ஆகையால் அந்த வகைச் சரக்கென்றால் யோசிக்காமல் எண்ணூர்ப் பக்கம்தான்.

கன்டெய்னர் சரக்கில் துறைமுகத்தைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் அல்ல, கப்பல். உங்கள் சரக்கு போகவேண்டிய ஊருக்கு எந்த லைன் (கப்பல் நிறுவனம்), எந்தக் கிழமை, எந்த டெர்மினலில் தொடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. புக்கிங் உறுதியானதும் லைனிடமிருந்து வரும் தாளில் நான்கு விஷயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலிப் பெட்டியை எந்த யார்டில் எடுக்க வேண்டும், எந்தத் தேதிவரை எடுக்கலாம், டெர்மினல் எப்போதிலிருந்து ஏற்றுமதிப் பெட்டிகளை வாங்கத் தொடங்கும், எப்போது மூடும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. கேட் திறப்பதற்கு முன்னால் போன வண்டி உள்ளே போக முடியாது, தெருவில்தான் கிடக்கும்.

கடைசி நேரத்தில் கப்பல் டெர்மினல் மாறுவதும் உண்டு. சி.சி.டி.எல்.-இல் இருந்து சி.ஐ.டி.பி.எல்.-க்கு என்றால் சமாளிக்கலாம், துறைமுகம் ஒன்றுதான். சென்னையிலிருந்து காட்டுப்பள்ளிக்கு என்றால் வேறு கதை. சுங்கத்துறைக் கணினியில் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி ஒவ்வொன்றுக்கும் தனித் துறைமுகக் குறியீடு உண்டு. ஒன்றின் பேரில் போட்ட ஷிப்பிங் பில் (சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பு) இன்னொன்றில் அப்படியே செல்லாது, திருத்தியாக வேண்டும். ஆகவே வண்டி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் அதே மணியில் கப்பலின் டெர்மினலை லைனிடம் மறுபடி ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள். இரண்டு நிமிடப் போன் இது. செய்யாமல் விட்டால் ஒரு நாள் போய்விடும்.

சரக்கை அளந்த பிறகே வண்டி

20 அடிப் பெட்டிக்குள் ஏறக்குறைய 33 கன மீட்டர் இடம், 40 அடியில் 67, 40 அடி ஹை-க்யூபில் (உயரம் கூடுதலான பெட்டி) 76. இவை வெறும் பெட்டியின் அளவுகள். அட்டைப்பெட்டிகளை அடுக்கும்போது இண்டு இடுக்குகளில் பத்து சதவீதமாவது வீணாகும். 60 × 40 × 40 செ.மீ. அட்டைப்பெட்டி ஒன்று 0.096 கன மீட்டர். ஹை-க்யூபில் 700 வைத்தால் 67.2 கன மீட்டர். அது பிடிக்கும். 790 வைக்கலாம் என்று கால்குலேட்டர் சொல்லும், பெட்டியின் கதவு மூடாது.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் காலணியில் இடம்தான் முதலில் தீரும். வார்ப்பட உதிரிபாகம், கிரானைட் என்றால் எடைதான் முதலில் தீரும். எடையில் மூன்று எல்லைகள் உண்டு, புதியவர்கள் ஒன்றை மட்டும் பார்ப்பார்கள். பெட்டிக் கதவில் எழுதியிருக்கும் உச்ச எடை பொதுவாக 30,480 கிலோ. அது பெட்டியின் எல்லை. லைன் தன் கப்பலுக்கு வைத்திருக்கும் எல்லை அதைவிடக் குறைவாக இருக்கலாம். மூன்றாவது, ட்ரெய்லரின் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) பதிவான மொத்த எடை. ஒரு வண்டியின் ஆர்.சி. மொத்த எடை 40 டன், வெறும் வண்டி 14 டன் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றக்கூடியது 26 டன். அதில் 20 அடிப் பெட்டியின் சொந்த எடையே சுமார் 2.3 டன். மிச்சம் 23.7 டன். கட்டை பேலட், கட்டும் பட்டை, தடுப்புக் கட்டை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். 25 டன் சரக்கு அந்தப் பெட்டிக்குத் தாங்கும், அந்த வண்டிக்குத் தாங்காது. அதிக அச்சு உள்ள வண்டி கேளுங்கள், அல்லது சரக்கைக் குறையுங்கள். "ஒருமுறைதானே, ஓட்டிவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேம்பாலச் சரிவில் பிரேக் தாங்காவிட்டால் முதலில் அடிபடுவது டிரைவரும் முன்னால் போகும் பைக்கும்.

இரண்டு 20 அடிப் பெட்டிகளை ஒரே 40 அடி ட்ரெய்லரில் வைத்து வாடகையை மிச்சம் பிடிக்கலாம் என்பது அடுத்த ஆசை. எடை இடம் கொடுத்தாலும், பின்பெட்டி அடைத்துக்கொண்டிருக்கும்போது முன்பெட்டியின் கதவைத் திறக்க முடியாது. பெட்டியைத் தூக்கி இறக்க உங்கள் வளாகத்தில் க்ரேன் இல்லையென்றால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

வளாகத்தையும் ஒருமுறை டேப் பிடித்து அளந்துவிட வேண்டும். சேசிஸ் மேல் உட்கார்ந்த பெட்டியின் தளம் தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர். லோடிங் மேடை அதைவிடத் தாழ்வாக இருந்தால் ஃபோர்க்லிஃப்ட் ஏற நல்ல பாலத்தட்டு வேண்டும். ஹை-க்யூப் ஏற்றிய வண்டியின் உச்சி 4.4 மீட்டரை ஒட்டி வரும். தொழிற்சாலைத் தெருவில் தொங்கும் மின்கம்பி, கேபிள், கோயில் கொடைக்குக் கட்டிய தோரண வளைவு எல்லாவற்றையும் இந்த உயரத்தை மனதில் வைத்துப் பாருங்கள்.

ஒரு சுற்றின் கணக்கு

கட்-ஆஃப் வெள்ளிக்கிழமை மாலை 6 மணி என்று வைத்துக்கொள்வோம். கட்-ஆஃபைக் குறி வைக்கக் கூடாது. அதற்கு 12 மணி நேரம் முன்னால், வெள்ளி காலை 6-க்குப் பெட்டி உள்ளே போய்விட வேண்டும் என்று வையுங்கள். இப்போது பின்னோக்கி வருவோம்.

கேட் வரிசைக்கு 5 மணி நேரம். ஆகவே வரிசையின் வாலில் வண்டி இரவு 1 மணிக்கு இருக்க வேண்டும். சாலையில் 4 மணி நேரம். தொழிற்சாலையை விட்டு வியாழன் இரவு 9-க்குக் கிளம்ப வேண்டும். எடை மேடை, சீல், பேப்பர் ஆகியவற்றுக்கு 2 மணி நேரம். ஸ்டஃபிங் மாலை 7-க்கு முடிய வேண்டும். ஸ்டஃபிங்குக்கு 4 மணி நேரம். பிற்பகல் 3-க்குத் தொடங்க வேண்டும். அதற்கு முன் பெட்டியைச் சோதிக்கவும், கேட்டில் பதிவு செய்யவும், டிரைவர் சாப்பிடவும் 2 மணி நேரம். காலிப் பெட்டி 1 மணிக்கு வளாகத்துக்குள் இருக்க வேண்டும். மணலிப் பக்கத்து யார்டிலிருந்து ஒரகடம் வர மூன்றரை மணி நேரம். யார்டுக்குள் பெட்டி தேர்ந்து, தூக்கி வைத்து, ரசீது வாங்க இரண்டரை மணி நேரம். யார்டு கேட்டில் வியாழன் காலை 7 மணிக்கு வண்டி நிற்க வேண்டும்.

காலை 7-லிருந்து மறுநாள் காலை 6 வரை 23 மணி நேரம். அதில் ஓடியது ஏழரை மணி நேரம்தான். துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் டிரைவர் தூங்க வேண்டும், அது பேச்சுக்கு இடமில்லாத விஷயம். எனவே ஒரு வண்டி தினம் ஒரு சுற்று அடிக்கும் என்று எழுதாதீர்கள். மூன்று நாளில் இரண்டு சுற்று என்று எழுதுங்கள். தினம் 6 பெட்டி அனுப்ப வேண்டுமென்றால் 9 வண்டிகள் வேண்டும், பழுதுக்கு ஒன்று கூடுதல். கேட் வரிசை 5 மணி நேரத்திலிருந்து 17 மணி நேரமாக நீண்டால் சுற்று 35 மணி நேரமாகும், தூக்கத்தையும் சேர்த்தால் இரண்டு நாளுக்கு ஒரு சுற்று. அதே 6 பெட்டிக்கு இப்போது 12 வண்டிகள். துறைமுகத்தில் நெரிசல் என்ற செய்தி வந்தவுடன் சந்தையில் வண்டி கிடைக்காமல் போவதும் வாடகை ஏறுவதும் இதனால்தான். வண்டிகள் எங்கும் போய்விடவில்லை, எல்லாம் வரிசையில் நிற்கின்றன.

இந்த மணிக்கணக்குகள் வழிமுறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களை நீங்களே சேர்க்க வேண்டும். டிரிப் ஷீட்டில் ஆறு நேரங்களை டிரைவர் குறிக்கும்படி கட்டம் போட்டுக் கொடுங்கள்: யார்டு உள்ளே, யார்டு வெளியே, தொழிற்சாலை உள்ளே, தொழிற்சாலை வெளியே, வரிசையில் சேர்ந்தது, துறைமுகக் கேட் உள்ளே. ஒரு மாதத்து ஷீட்டுகளை அடுக்கிப் பார்த்தால் சராசரி கிடைக்கும். ஆனால் சராசரியை வைத்துத் திட்டமிட்டால் பாதிப் பெட்டிகள் தாமதமாகும். பத்தில் ஒன்பது வண்டிகள் எந்த நேரத்துக்குள் முடித்தனவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷீட்டுகளைப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். நேரம் அதிகம் வீணாகும் இடம் பல சமயம் துறைமுகம் அல்ல, உங்கள் வளாகமேதான். காலை 9-க்கு வந்த பெட்டிக்கு மாலை 5-க்கு லோடிங் தொடங்கும். உற்பத்திப் பிரிவு கடைசி பேலட்டை முடித்திருக்காது. டிரான்ஸ்போர்ட்டருக்குக் கொடுக்கும் ஹால்டிங் (காத்திருப்பு) தொகையில் எத்தனை மணி உங்கள் கேட்டுக்குள் ஏறியது என்று தனியாக எழுதி உற்பத்தி மேலாளரிடம் காட்டுங்கள். கேட் வரிசையைக் குறைப்பது உங்கள் கையில் இல்லை, இது இருக்கிறது.

பாதை

சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் வண்டிகள் வடக்கிலிருந்துதான் நுழைகின்றன. மேற்கிலிருந்து வரும் வண்டி பெருங்களத்தூர்–புழல் பைபாஸ் (32 கி.மீ.) வழியாகவோ அவுட்டர் ரிங் ரோடு வழியாகவோ ஊரைச் சுற்றி, மாதவரம், மணலியைக் கடந்து, எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில் இறங்கி, காசிமேட்டைத் தாண்டித் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வரும். மாதவரத்திலிருந்து கடற்கரை வரையுள்ள இந்தக் கடைசிப் பகுதியில்தான் நேரம் கரையும். யார்டுகள், சி.எஃப்.எஸ்.கள் (துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் சரக்கைக் கையாளும் நிலையங்கள்), எண்ணெய் டேங்கர்கள், மீன்பிடித் துறைமுகம் எல்லாம் அதே சாலைகளை நம்பியிருக்கின்றன. இரவில் கேட் பக்கம் ஒரு வண்டி பழுதாகி நின்றால் அதன் வால் திருவொற்றியூர் வரை போகும்.

நகருக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, சாலைக்குச் சாலை மாறும். போக்குவரத்துக் காவல்துறையின் நடப்பு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, தடை நேரத்தில் வண்டி எங்கே ஒதுங்கி நிற்கும் என்பதையும் திட்டத்திலேயே எழுதுங்கள்.

காட்டுப்பள்ளிக்கும் எண்ணூருக்கும் வேறு கணக்கு. ஒரகடத்திலிருந்து வண்டலூர் வந்து, அவுட்டர் ரிங் ரோட்டில் 62 கி.மீ. ஓடி மீஞ்சூரில் இறங்கி, துறைமுகம் போனால் மொத்தம் நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். ஹார்பரைவிடத் தூரம் அதிகம், டீசலும் டோலும் கூடும். ஆனால் நகருக்கு வெளியே ஓடும் பாதை என்பதால் பகலிலும் வண்டி நகரும், சுற்றின் நேரத்தை நம்பிச் சொல்ல முடியும். ஒரே நாட்டுக்கு இரண்டு லைன்கள் இரண்டு துறைமுகங்களிலிருந்து போனால், கடல் கட்டணத்தை மட்டும் ஒப்பிடாமல், ஒரு வண்டி வாரத்துக்கு எத்தனை சுற்று அடிக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள்.

கட்டி முடியாத சாலையை நம்பித் திட்டம் போடாதீர்கள். துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலச் சாலை பல ஆண்டுகள் நின்று, ஈரடுக்குத் திட்டமாக மாற்றப்பட்டு, 2022 மே மாதம் மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டது. அது முடிந்தால் இந்தக் கட்டுரையின் பாதைப் பகுதியையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். எண்ணூரிலிருந்து தச்சூர் வழியாக மாமல்லபுரம் பக்கம் வரும் புறவட்டச் சாலையும் பகுதி பகுதியாகத்தான் வருகிறது. எந்தப் பகுதி கனரக வண்டிக்குத் திறந்திருக்கிறது என்பதை நேற்று அந்த வழியாக ஓட்டி வந்த டிரைவரிடம் கேளுங்கள், மேப் சொல்வதை விட நம்பகமானது.

காலிப் பெட்டியை வாங்கும்போது

யார்டில் கொடுத்த பெட்டியை அப்படியே எடுத்துவந்தால், ஓட்டைக்கும் துர்நாற்றத்துக்கும் நீங்களே பொறுப்பு. டிரைவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க அரை மணி நேரம் போதும். உள்ளே போய் நின்று, வெளியிலிருந்து இரண்டு கதவுகளையும் மூடச் சொல்ல வேண்டும். இருட்டில் கண் பழகியதும் கூரையையும் மூலைகளையும் பார்த்தால், ஊசிமுனை அளவு வெளிச்சம் வந்தாலும் தெரியும். வெளிச்சம் வரும் இடத்தில் மழையும் வரும். பிறகு மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும்: ரசாயனம், மீன், தோல் வாடை இருந்தால் வேறு பெட்டி கேட்க வேண்டும். தளத்தில் துருத்தும் ஆணி, எண்ணெய்க் கறை, ஈரம். கதவின் ரப்பர் விளிம்பு கிழிந்திருக்கிறதா, பூட்டுக் கம்பி நான்கும் தடையில்லாமல் சுழல்கின்றனவா. கதவில் திருகிய பாதுகாப்புத் தகடு இருக்கிறதா. சொட்டை, வெட்டு எதுவாக இருந்தாலும் யார்டு ரசீதில் எழுத வைத்துப் போட்டோ எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் பழுதுச் செலவு பிறகு உங்கள் தலையில் விழும்.

பெட்டி எண்ணில் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். கடைசி இலக்கம் தனிக் கட்டத்துக்குள் இருக்கும். மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு இலக்கம் அது. வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பும்போது ஓர் இலக்கம் மாறினால் ஷிப்பிங் பில், ஃபார்ம் 13 (துறைமுகக் கேட்டில் நுழைவதற்கான படிவம்), வி.ஜி.எம். (எடை அறிவிப்பு) எல்லாவற்றிலும் அந்தப் பிழை பரவும். கேட்டில் கேமரா படிக்கும் எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாது. வண்டியை ஓரங்கட்டச் சொல்வார்கள், இரவு 2 மணிக்கு உங்கள் போன் அடிக்கும். எண்ணைத் தட்டச்சு செய்யாமல் கதவின் போட்டோவை அனுப்பச் சொல்லுங்கள், அலுவலகத்தில் இருவர் படித்து ஒத்துப் பார்க்கட்டும்.

கேட்டில் வண்டி திரும்பாமல் இருக்க

தொழிற்சாலையில் சுயமாகச் சீல் வைத்து அனுப்பும் ஏற்றுமதியாளர்கள் 2017-லிருந்து ஆர்.எஃப்.ஐ.டி. சீல் (ரேடியோ அலையால் படிக்கக்கூடிய மின்னணுச் சீல்) பயன்படுத்துகிறார்கள். சீல் எண்ணை ஷிப்பிங் பில் விவரத்தோடு சேர்த்துக் கணினியில் ஏற்றியாக வேண்டும், துறைமுகத்தில் சுங்கத்துறை அதைப் படித்துப் பார்க்கும். சீல் சேதமாகியிருந்தால் பெட்டியைத் திறந்து சோதிப்பார்கள், அந்தக் கப்பலை மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே சீல் பூட்டிய பிறகு இழுத்துப் பார்ப்பதும், எண்ணோடு போட்டோ எடுப்பதும் பூட்டியவரின் வேலை. லைன் கொடுக்கும் சீல் வேறு, இந்தச் சீல் வேறு. இரண்டு எண்களையும் மாற்றிப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

வி.ஜி.எம். எனப்படும் சரிபார்த்த மொத்த எடை 2016 ஜூலை 1 முதல் கட்டாயம். ஏற்றிய பெட்டியை எடை மேடையில் நிறுத்தி எடுக்கலாம், அல்லது ஒவ்வொரு சரக்குப் பொதியின் எடையையும் கட்டை, பட்டை எடையையும் கூட்டி, பெட்டியின் சொந்த எடையைச் சேர்க்கலாம். எடை மேடையில் எடுத்தால் வண்டியின் வெறும் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். டீசல் டேங்க் நிரம்பியிருந்ததா என்பதே சில நூறு கிலோ வித்தியாசம் காட்டும். வி.ஜி.எம். போய்ச் சேராத பெட்டி கப்பலில் ஏறாது.

ஈ-வே பில்லின் (சரக்கு சாலையில் போகும்போது கூடவே இருக்க வேண்டிய ஜி.எஸ்.டி. ஆவணம்) செல்லுபடிக் காலம் 200 கி.மீ.க்கு ஒரு நாள். பக்கத்துத் துறைமுகம்தானே என்று ஒரு நாளுக்குப் போட்டுவிட்டு, வண்டி வரிசையில் ஒன்றரை நாள் நின்றால் காலாவதியாகும். முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிக்கலாம். அதற்கு யாராவது ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டும். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்குப் பெட்டி மாறினால் பார்ட்-பியில் வண்டி எண்ணை மாற்ற வேண்டும். காலிப் பெட்டி மட்டும் ஏற்றிப் போகும் வண்டிக்கு ஈ-வே பில் தேவையில்லை.

இவற்றோடு டிரைவரின் துறைமுகப் பாஸ், உரிமம், வண்டியின் காப்பீடு, எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆகியவை. தேதி முடிந்த பாஸோடு போன டிரைவருக்காகப் பெட்டி கேட் வாசலில் கிடப்பது மனது பொறுக்காத இழப்பு. தேதிகளை ஒரே தாளில் எழுதி ஒவ்வொரு திங்களும் பாருங்கள்.

சி.எஃப்.எஸ்., ரயில்

நேரடியாகத் துறைமுகத்துக்குள் போகும் வசதி உள்ள ஏற்றுமதியாளருக்கு சி.எஃப்.எஸ். தேவையில்லை. ஆனாலும் மணலி–மாதவரம் பக்கம் ஒரு சி.எஃப்.எஸ்.ஸோடு ஏற்பாடு வைத்திருப்பது நல்லது. கேட் திறக்கும் முன்பே சரக்கு தயாராகிவிட்டால் அங்கே இறக்கிவைத்து வண்டியை விடுவிக்கலாம். இறக்கி ஏற்றும் கூலியும் தரை வாடகையும் உண்டு, ஒரு வண்டி இரண்டு நாள் நிற்கும் ஹால்டிங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரயிலைப் பற்றிப் புதியவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். ஒரு கன்டெய்னர் ரயிலில் 45 வேகன்கள், 20 அடிக் கணக்கில் 90 பெட்டிகள். பெங்களூரு வைட்ஃபீல்டிலிருந்து சென்னைக்கு இது பொருந்தும், தூரம் இருக்கிறது, சரக்கும் சேர்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடத்துக்கு இன்றைய நிலையில் பொருந்தாது. பெட்டியை முதலில் ரயில் முனையத்துக்கு லாரியில்தான் கொண்டுபோக வேண்டும், கூடுதலாக இரண்டு முறை தூக்கி இறக்க வேண்டும், மிச்சமாவது ஐம்பது அறுபது கிலோமீட்டர். மப்பேட்டில் திட்டமிட்ட பல்வகைப் போக்குவரத்துப் பூங்கா (மல்டி-மோடல் லாஜிஸ்டிக்ஸ் பார்க்) ரயில் பாதையோடு முழுமையாக இயங்கத் தொடங்கும்போது இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

காலியாக ஓடும் தூரத்தைக் குறைக்க ரயிலைவிட எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் தொழிற்சாலைக்கே இறக்குமதி மூலப்பொருள் வருகிறதென்றால், இறக்கிய பெட்டியை யார்டுக்குத் திருப்பாமல் அதிலேயே ஏற்றுமதிச் சரக்கை ஏற்ற லைனிடம் அனுமதி கேளுங்கள். லைன் ஒன்றாக, பெட்டி அளவு ஒன்றாக, பெட்டியின் நிலை நன்றாக இருக்க வேண்டும். ஒத்துவந்தால் யார்டில் போகும் இரண்டரை மணியும், மணலியிலிருந்து வரும் மூன்றரை மணியும் அப்படியே மிச்சம்.

வண்டி கிடைக்காத வாரங்கள், மழை

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, மாலை போட்டு, எலுமிச்சை வைத்த பிறகுதான் டிரைவர் மறுபடி சாவியைத் தொடுவார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போனவர் திரும்ப ஒரு வாரம் ஆகும். அந்த வாரங்களில் கப்பல்கள் நிற்பதில்லை. மூன்று வாரம் முன்பே டிரான்ஸ்போர்ட்டரிடம் எத்தனை வண்டி உறுதி என்று எழுத்தில் வாங்குங்கள், முடிந்த சரக்கை முந்திய கப்பலுக்குத் தள்ளுங்கள்.

வரிசையில் நிற்கும் டிரைவரையும் திட்டத்துக்குள் சேர்க்க வேண்டும். எக்ஸ்பிரஸ்வேயில் இரவு முழுக்க வண்டி அங்குலம் அங்குலமாக நகரும்போது அவர் கேபினை விட்டு இறங்க முடியாது. கழிப்பறை இல்லை, கண் அயர்ந்தால் பின்னாலிருந்து ஹாரன், பேட்டரி திருடுபவர்கள் வேறு. தண்ணீர், சாப்பாட்டுக்குக் கூடுதல் பேட்டா, முடிந்தால் மாற்று டிரைவர் ஆகியவற்றைச் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள். தூங்காத டிரைவரை நேராக அடுத்த சுற்றுக்கு அனுப்பும் திட்டம், தாளில் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், கிழித்துப் போட வேண்டிய திட்டம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மணலி, எண்ணூர், மீஞ்சூர் தாழ்வான பகுதிகள், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னை நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. புயல் வந்தால் கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள், கேட் மூடும், திறந்த பிறகு தேங்கிய வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். எச்சரிக்கை வந்ததும் செய்ய வேண்டியது, புதிதாகக் காலிப் பெட்டி எடுப்பதை நிறுத்துவது. ஏற்கெனவே ஏற்றிய பெட்டிகளைத் துறைமுகத்தை நோக்கி அனுப்பாமல் தொழிற்சாலை வளாகத்திலேயே, தண்ணீர் தேங்காத மேட்டில், கதவு மேடையைப் பார்த்தபடி நிறுத்துங்கள். பெட்டி எடுத்த நாளிலிருந்து லைன் கொடுத்த இலவச நாள்கள் ஓடிக்கொண்டிருக்கும், அவற்றை நீட்டிக்கக் கேட்டு லைனுக்கு மழை தொடங்கும் முன்பே மெயில் அனுப்பிவிடுங்கள். கேட் மறுபடி திறந்த முதல் நாளே எல்லா வண்டிகளையும் கிளப்பிவிடாமல், கப்பலின் புதிய கட்-ஆஃப் கையில் வந்த பிறகு, அதிலிருந்து மறுபடி பின்னோக்கி எண்ணத் தொடங்குங்கள்.